எங்கள் வண்டியில் அவள் வந்தாள்

நான் நான்காம் வகுப்பில் பயின்ற ஆண்டில், எனக்கென்று வாக்களிக்கப்பட்ட ஓர் இடத்தில் வேறொருத்தி அமர்ந்து நாள்தோறும் பள்ளிக்கு வந்தாள். அவ்விடம், என் தந்தையாரின் ஈருருளியில் பெட்ரோல் தொட்டியின் மேற்புறம். அவள், அவ்வண்டியைப் புதுப்பித்துத் தர ஒப்புக்கொண்ட பட்டறைக்காரரின் ஒரே மகள்; என் வகுப்பிலேயே, எனக்கு முன்வரிசையில் இருந்தவள்.

ஓய்வுபெற்ற சுரங்க அதிகாரி ஒருவரின் கொட்டகையில் துருவேறிக் கிடந்த அவ்வண்டியைத் தந்தையார் வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தபோது, கோலார் தங்கவயலின் கோரமண்டலில் எங்கள் தொழிலாளர் லைனே கூடி நகைத்தது.

"இன்னாண்ணே, ஓட்றதுக்கு வாங்குனியா, எடைக்குப் போட வாங்குனியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தந்தையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. ராபர்ட்சன்பேட்டைப் பட்டறையில் வண்டியை ஒப்படைத்தார். ஆகும் செலவைப் பட்டறைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார். "வண்டி வந்ததும் மொதல்ல நீதான் முன்னால குந்தணும்" என்று தந்தையார் என்னிடம் சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கொண்டு நான் வகுப்பில் பெற்ற மதிப்பு சிறிதன்று.

வேலை முடிந்தபின் பட்டறைக்காரர் கேட்டதோ, எழுதித் தந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கார்பரேட்டரே புதிதாகப் போட்டதாகக் கணக்குச் சொன்னார். தம்மைக் கேளாமல் எப்படி மாற்றலாம் என்று தந்தையார் வினவினார். "முழுசா குட்த்துட்டு வண்டிய எட்துனு போங்க" என்பதே விடையாக வந்தது. வண்டி பட்டறையிலேயே தங்கிவிட்டது.

தங்கியிருந்தாலும் பொறுத்திருப்பேன். மறுவாரமே அது பள்ளி வாயிலில் வந்து நின்றது. கருநீல வண்ணம், வெள்ளிக் கம்பிகள், அவற்றுக்கு நடுவே தொட்டியின்மேல் அரசியைப் போல் அவள். இயந்திரம் ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடும் என்று பட்டறைக்காரர் வாயிற்காவலரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் இறங்கியதும் உள்ளே வரவில்லை. வண்டியருகே குந்தி, இயந்திரத்தின் ஓசையைக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"நைனா, டேப்பட் சத்தம் போடுது."

அவரும் குனிந்து கேட்டார். "ஆமாம்மா. சாய்ங்காலம் ரெண்டு பேரும் பாக்கலாம்" என்றார்.

உடன் பணிபுரியும் ஒருவரிடம் பேசும் மரியாதை அக்குரலில் இருந்தது. என் தந்தையார் நல்லவர், என்னிடம் "சாப்ட்டியா?" என்று கேளாத நாளில்லை. ஆனால் எதைப் பற்றியும் என் கருத்தைக் கேட்டதில்லை. அன்று கணக்குப் பாடம் முழுவதும் அவளது இரட்டைப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் நகங்களில் கறுப்பு எண்ணெய் படிந்திருந்தது. ஆசிரியை அதற்காக அவளைக் கடிந்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. அவள் அந்நகங்களைப் பெருமையாக நோக்கிக்கொண்டிருந்தாள். வீட்டிற்குச் சென்று என் நகங்களில் அடுப்புக்கரியைத் தேய்த்தேன்.

"நம்ம வண்டில அவ வர்றாப்பா!" என்று மாலைதோறும் முறையிட்டேன். "ஐயே, வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா" என்றார் அம்மா. தந்தையாரோ அதற்குள் கோலாரிலுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுக் கொடுத்துவிட்டிருந்தார். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நேரே போய்ப் பேசலாம் என்று தொழிற்சங்கத்தில் யாரோ சொல்லியிருந்தனர். அழுது அடம்பிடித்து நானும் உடன் சென்றேன்.

பேருந்தில் நெரிபட்டு மன்றத்தை அடைந்தபோது, வாயிலில் எங்கள் வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. பட்டறைக்காரர் அதிலேதான் வந்திருந்தார், மகளோடு. பின்னிருக்கையில் கனத்த கோணிமூட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது.

சுரங்கத்து ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு: தேய்ந்த உளியைத் திருப்பித் தந்தாலன்றிப் புதிய உளி கிடைக்காது. பட்டறைக்காரர் இளமையில் அந்த ஸ்டோரில் வேலை பார்த்தவர். சொந்தப் பட்டறை வைத்த பிறகும் அப்பழக்கம் அவரை விடவில்லை. கழற்றிய பழம்பொருள் எதையும் எறியமாட்டார். வண்டிக்கு ஒரு கோணியாகக் கட்டி வைப்பார். எத்தனை பொருள்களை மாற்றினோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று நம்பி அதனைச் சுமந்து வந்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு ஆணி வீணாப் போவாது சார். கழட்னது அத்தினியும் இதுல கீது" என்றார் மன்றத் தலைவரிடம்.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் சொல்லி மேசைமேல் வைத்தாள். தேய்ந்த பிஸ்டன், அறுந்த சங்கிலி, நைந்த கிளச்சுத் தகடு. தலைவர் கணக்குத்தாளில் குறியிட்டுக்கொண்டே, "ஜாணெ!" என்று கன்னடத்தில் அவளைக் கெட்டிக்காரி என மெச்சினார். வழக்கு எங்களுடையது, பாராட்டு அவளுக்கு.

"பழைய கார்பரேட்டர்?" என்றார் தலைவர்.

அவள் தோள்வரை கையை விட்டுக் கோணியின் அடியைத் துழாவினாள். பிறகு தந்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது இதுல எப்டி நைனா இருக்கும்? நாமதான் அதயே கழுவி மாட்டிட்டமே. நான்தானே மண்ணெண்ணெயில கழுவுனேன்!"

பட்டறைக்காரரின் கை உயர்ந்தது. அறை விழும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன் என்பதே உண்மை. அக்கை அவள் தலைமேல் அமர்ந்தது.

"ஆமா சார். பாப்பாதான் கழுவிச்சு" என்றார்.

செய்யாத வேலைக்கு விலை கேட்டல் கூடாது, எழுதித் தந்ததற்கு மேற்பட்ட வேலையை உரியவரைக் கேளாமல் செய்தலும் கூடாது, அத்தொகைக்காக வண்டியைப் பிடித்துவைத்து ஓட்டியது அறவே தகாது என்று தலைவர் கூறினார். எழுதித் தந்த தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு பட்டறைக்காரர் அங்கேயே சாவியைக் கொடுத்தார். வென்றுவிட்டோம். தந்தையாரோ அவள் பொருள்களை மீண்டும் கோணியில் அடுக்குவதையே பார்த்து நின்றார். "இன்னா புள்ள!" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். எனக்காக அச்சொற்கள் அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

வெளியே, "கொஞ்ச நாளைக்கி வெரட்டாதீங்கண்ணே, பதமா ஓட்டுங்க" என்றார் பட்டறைக்காரர். அவள் தன் பாவாடை நுனியால் தொட்டியை ஒருமுறை துடைத்தாள். துடைத்த இடத்தில் நான் ஏறி அமர்ந்தேன்.

அவர்கள் கோணியின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி நடந்தனர். வண்டி அவர்களைக் கடந்தபோது, அவள் வெந்து சாகிறாளா என்று காணத் தந்தையாரின் கைக்கடியில் தலையை நுழைத்துத் திரும்பினேன். அவள் வண்டியைப் பார்க்கவே இல்லை. அவர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவரும் சிரித்தார், நடுவே கோணி ஊசலாடியது.

"தோத்துட்டு எதுக்குப்பா சிரிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

தந்தையார் பட்டறைக்காரர் சொன்னபடியே வண்டியைப் பதமாக ஓட்டினார். காற்று முகத்தில் மோதியது. புதிய வண்ணத்தின் மணம் வீசியது. ஊர் முழுதும் என்னைக் காணப்போகிறது. வண்டி எங்கள் கைக்கு வந்த பின்னும் அவள்மேல் பொறாமை ஏன் கூடிக்கொண்டே போயிற்று என்பது, கோரமண்டல் வந்து சேர்ந்த பின்னும் எனக்கு விளங்கவில்லை, பல்லாண்டுகள் விளங்கவில்லை.