ஆர்லீன் வாய் திறக்காத பத்து நாட்கள்

ஆர்லீன் வோண்ட்ராவும் நானும் ஒமாஹாவில், மத்திய வங்கியின் கிளையில், ஒரே வருஷம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தோம். நான் கடைசிவரை தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கிளையின் துணைத் தலைவி ஆனாள். பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவளை உயர்த்தியது அவளுடைய காது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாட்டுச் சந்தைக்காரர், டிராக்டர் விற்பவர், முடிதிருத்துபவர் என்று ஐம்பது பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வியாபாரம் எப்படி என்று கேட்டு, வாஷிங்டனுக்கு எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தைதான் பதில் வரும். அவளிடம் மட்டும் மாமியார் சண்டைவரை கொட்டிவிடுவார்கள்.

ஐம்பதில் ஒருவர் லேலண்ட் சிகோரா. மனைவியை இழந்தவர். நாற்பது மைல் தள்ளி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காரமான பீன்ஸ் கறியும் அதற்குத் தோதாகப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் அங்கே பிரசித்தம். அவரோடு மட்டும் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அறிக்கையில் ஒரு வரி வரும். விஷயம் எங்கள் அறைக்கே தெரியும், ஆர்லீனைத் தவிர.

வட்டி விகிதக் கூட்டத்துக்கு முன்னால் பத்து நாள் எங்கள் அதிகாரிகள் வெளியாரிடம் பொருளாதாரம் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆர்லீன் அப்போது மழை வருமா என்றுகூடச் சொல்ல மாட்டாள். மழை என்றால் சோளம், சோளம் என்றால் விலையாம்.

தொண்ணூற்றைந்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, லேலண்ட் தாமாகவே கூப்பிட்டார். பேசி முடித்தவள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"கடையை வாங்க ஆள் வந்திருக்காம். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். வித்துட்டு அரிசோனால மக வீட்டுக்குப் போயிடட்டுமா, இங்கேயே இருக்கட்டுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வட்டிக் கூட்டம் முடியணும், வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னேன். விதி இருக்கே. சரின்னு வச்சுட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, கடையை விக்கிறவன் எல்லாம் உன்னைக் கேட்டுட்டா விக்கிறான்? அந்த மனுஷன் உங்கிட்ட வட்டி விகிதமா கேட்டார்?"

ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்குக் காது மடல் சிவந்தது. கார் சாவியை எடுத்தாள். கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன். இதை விட்டுவிடுவேனா?

நாங்கள் போனபோது, வாங்க வந்தவன் நாடாவை விரித்துச் சமையலறையை அளந்துகொண்டிருந்தான். லேலண்ட் ரொட்டித் தட்டோடு நின்றார்.

"கடையை விக்கலாமா வேண்டாமான்னு நான் இன்னிக்குச் சொல்லக் கூடாது," என்றாள் ஆர்லீன்.

"அதான் போன்லயே சொல்லிட்டீங்களே."

"ஆனா என்னைப் பத்திச் சொல்லலாம், அதுக்கு விதி இல்ல. நீங்க போயிட்டா எனக்குத் தாங்காது, லேலண்ட். போகாதீங்க."

நாடாக்காரன் அளப்பதை நிறுத்திவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

லேலண்ட் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "வியாழக்கிழமையும் இதையே சொல்வீங்களா?"

"தினமும் சொல்வேன்," என்றாள்.

பத்தொன்பது வருஷம், அவர் கண்மூடும் வரை, சொன்னாள்.