கோலத்தில் போன குவார்ட்ஸ்

எழுபதுகளின் பிற்பகுதியில், கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த பிறகும் நான் பாறை ஆராய்ச்சியை விடவில்லை. பல்லாவரம் குன்றில் உடைத்த கருங்கல்லை இடித்துச் சலித்து, அதிலிருந்து குவார்ட்ஸ் என்னும் கண்ணாடி போன்ற கனிம மணிகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்குவேன். அந்த மணிகளில் கனமான ஆக்ஸிஜன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று அளந்தால், பூமியின் அடியாழத்தில் கல் வெந்த காலத்தில் அதனூடே போன நீர் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். அளக்கும் இயந்திரம் வெளிநாட்டில் இருந்தது. என் பேராசிரியரின் நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை விமானத்தில் மணிகளைக் கொண்டுபோக ஒப்புக்கொண்டிருந்தார். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. என் பட்டமே அந்த மணிகளைச் சேர்த்து வைத்த சின்ன டப்பாவில்தான் இருந்தது.

புதன்கிழமை காலை டப்பா காலி. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியாரைக் கேட்க ஓடினேன். மார்கழிக் கோலத்தின் நடுப் பூ மட்டும் தனியாகப் பளபளத்தது.

"கடைசிப் பூவுக்குப் பொடி போறலை. உன் டப்பால வெள்ளையா இருந்தது, எடுத்துண்டேன்" என்றார் மாமியார், பெருமையாக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது கோலப்பொடி இல்லேம்மா, என் படிப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அதற்குள் பால்காரரின் சைக்கிள் பூவின் மேல் ஏறிப் போய்விட்டது.

மத்தியானம் மாமியார் முறத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "மிச்சக் கல்லு இருக்கோன்னோ? கொண்டா. தெனம் அரிசியில கல்லு பொறுக்கறவளுக்குக் கல்லுல கல்லு பொறுக்க வராதா?"

வரவில்லை. ஈர்க்குச்சி நுனியை நனைத்து அவர் ஒட்டி எடுத்ததில் பாதியை நான் கழித்துப் போட்டேன். "இதுக்கு என்னடி கொறச்சல்?" என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கும் மறுநாளும் சமையல் வெறும் ரசம்தான். வியாழன் சாயங்காலம் டப்பாவில் போதுமான அளவு சேர்ந்தது.

பல மாதம் கழித்து முடிவு வந்தது. கல்லினூடே போன நீர் மேலிருந்து இறங்கிய மழைநீர் இல்லை, ஆழத்திலிருந்தே வந்தது என்றார் பேராசிரியர். பஸ்ஸில் முகம் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மாமியார் வாழைக்காய் நறுக்குவதை நிறுத்தினார். "கோலப்பொடிக் கையோட உன் டப்பாவைத் தொட்டேனே, பொடி கலந்திருந்ததுன்னு ஏதாவது எழுதியிருக்காளா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லேம்மா."

"அப்பாடா" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாளும் அந்தப் பயத்தோடுதான் எனக்குத் தினமும் காபி கலந்து கொடுத்திருக்கிறார்.