வியாழக்கிழமை பிறக்காத பிள்ளை

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பிறப்பதில்லை. தொண்ணூறுகளில் அந்நகரின் சீசா என்ற பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்துப் பெண்களுக்கு இதுதான் பெரிய தலையிடி.

எங்களுக்குக் கீழ் வீட்டில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் தனியாகப் பெற்றவள். நோகிறது என்றபோது, கறுப்பர்கள் தாங்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். இரத்தம் நிற்கவில்லை என்று கத்தியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மயிரிழையில் தப்பினாள். அவள் இரண்டாவது உண்டானதும் கானாப் பெண்களும் எங்கள் தமிழ்ப் பெண்களும் கூடி, இனி ஒருத்தியும் தனியாகப் போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கானாப் பெண்களில், ஊரில் பல பிரசவங்களுக்குத் துணை நின்ற ஒருவர் இருந்தார். எங்கள் பெண்களுக்கும் அவர் அக்காதான். இடுப்பைத் தேய்த்துவிடவும் தெரியும், டொக்டர்மாரோடு இத்தாலியனில் சண்டை பிடிக்கவும் தெரியும்.

ஆனால் அக்கா, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர். அவர் பிரசவத்துக்குப் போனால் அங்கே யார் நிற்பது? என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை ரெஸ்டோரண்டில் தட்டுக் கழுவுபவன். மாரியில் சோபாவுக்குப் பாரம்.

"இஞ்சாருங்கோ, சும்மாதானே கிடக்கிறியள். நீங்கள் போய் நில்லுங்கோவன்."

"நான் ஆம்பிளையப்பா!"

"அந்தக் கிழட்டு மனிசிக்குக் கண் மங்கல். உங்களை வடிவாத் தெரியாது. அவ குடுத்து வைச்சவ."

ஒரு செவ்வாய் காலை கீழ் வீட்டுக்காரிக்கு நோவு தொடங்கியது; நான் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனேன். அக்கா தன் ஏப்ரனை என் முதுகில் இறுக்கிக் கட்டி, டெலிபோனைத் தொடாதே என்றார். சிஞ்ஞோராவின் மகள் வேவு பார்க்க எடுப்பாளாம். இரண்டு தரம் அடித்து நின்று மறுபடி அடித்தால் அது என் மனைவி, அப்போது மட்டும் எடுக்கலாம். சொல்லிவிட்டு ஓடினார். பூட்டு இரண்டு முறை திரும்பிய சத்தம் கேட்டது. கிழவி படியிறங்கிப் போய்விடாமல் வெளியிலிருந்து பூட்டுவது அவர் பழக்கம். அந்த அவசரத்தில் நான் உள்ளே நிற்பதையும் மறந்துவிட்டார். பூட்டுக்கு வேறு திறப்பு வீட்டில் இல்லை; இருந்த ஒரே சாவி அவரோடு போய்விட்டது.

நாலாம் மாடி. பல்கனிக்குப் போனால் எதிர்வீட்டு சிஞ்ஞோராக்கள் பார்ப்பார்கள். ஜன்னலைத் திறக்கவும் பயம். இருமல் வந்தால் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இருமினேன். தரை துடைத்தேன், சூப் வைத்தேன். சிஞ்ஞோரா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

மத்தியானம் டெலிபோன் அடித்தது. நிற்காமல் அடித்தது. மகள்! எடுக்காவிட்டால் நேரே வருவாள். எடுத்தால் என் குரல் ஆட்டுக்கடாக் குரல். அக்காவின் வேலை போய்விடும். அதற்குப் பிறகு எவள் துணிந்து துணைக்குப் போவாள்? துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி உறைந்து நின்றேன்.

சிஞ்ஞோரா சுவரைத் தடவிக்கொண்டு வந்து எடுத்தார்.

"அவள் பல்கனியில் உடுப்புக் காயப்போடுகிறாள். இல்லை, நீ வரவேண்டாம்." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை பிறந்துவிட்டதா?"

துடைப்பக்கட்டையைச் சுவரில் சாத்தினேன்.

"ஒரு ஆம்பிளை வருவான், சூப் வாயில் வைக்க ஏலாது என்று அவள் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள்."

எனக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இருவரும் டெலிபோனுக்கு முன்னால் இருந்தோம். பொழுது நகரவில்லை. சிஞ்ஞோரா செபமாலை உருட்டினார். எனக்கு உருட்ட ஏப்ரன் நுனிதான் இருந்தது.

வெளிச்சம் மங்கும்போது இரண்டு தரம் அடித்து நின்று மறுபடி அடித்தது.

"பொம்பிளைப் பிள்ளை," என்றாள் மனைவி.

"தாய்?"

"போனமுறை மாதிரியே இரத்தம் போகத் தொடங்கீட்டுது. நேர்ஸ், ஒண்டுமில்லை படு எண்டிருக்கிறா. அக்கா வாசலிலை நிண்டு கத்தின கத்திலை டொக்டர் ஓடி வந்தவர். இப்ப நிண்டிட்டுது. பயமில்லையாம்."

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அப்ப அக்காவை அனுப்பு."

"அவள் அக்கான்ரை கையை விடுறாளில்லை. நாளைக்குத்தான் வருவா."

"திறப்பு?"

"அது அவவின்ரை சட்டைப் பொக்கற்றிலை. சத்தம் போடாமல் இருங்கோ."

பெண் பிள்ளை என்று சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, இரவுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார்.

ஏப்ரனைக் கழற்றப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. திரும்பவும் சூப்தான் வைத்தேன்.