கோயில் இல்லாத நகரம்

உயிர்த்த ஞாயிறுக்காக எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பரலோக எருசலேமை அட்டையில் செய்து, போருக்குத் தப்பி நாங்கள் வந்து குடியேறிய ஸ்டோவ்னரில் எங்கள் செபக்கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வாசல்கள், பொன்நிறத் தெரு. நடுவிலே எங்கள் ஊர்க் கோயில், மணிக்கூண்டு முதல் படிக்கட்டு வரை அப்படியே இருந்தது.

"அந்த நகரத்திலை கோயில் இல்லை. அதைக் கழட்டுங்கோ," என்றேன்.

எருசலேம் ஆலயம் எரிந்தபோது, மேலே அழியாத ஆலயம் ஒன்று இருக்கிறதென்று யூதர்களில் பலர் மனம் தேறினார்கள். ஆதிக் கிறிஸ்தவர் கண்ட நகரத்திலோ கோயிலே கிடையாது, கடவுள்தான் அங்கே கோயில். இதை அவருக்கு அமைதியாக விளக்கியிருக்கலாம்.

"கோயில் இல்லாமல் என்ன ஊர்?" என்று அவர் சிரித்தார்.

அட்டைக் கோயிலைப் பிய்த்தெடுத்துக் காலால் மிதித்தேன். தடுக்க வந்த அவரின் முகத்தில் குத்தினேன். அவருடைய மூக்கு உடைந்து, ரத்தம் பொன்தெருவில் கொட்டியது. பிள்ளைகள் அலறினார்கள். இரண்டு பேர் என்னைச் சுவரோடு அமுக்கிப் பிடித்த பிறகும் என் கால் உதைத்துக்கொண்டே இருந்தது.

அவர் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நசுங்கிய அட்டையைப் பொறுக்கினார். "என்ரை மனிசி ஷெல் விழுந்து செத்தது இதுக்குள்ளைதான். அவவை நான் வேறை எங்கை வைக்கிறது?"

ஷெல்லடி தொடங்கினால் எங்கள் ஊரில் எல்லோரும் கோயிலுக்குள்தான் ஓடுவோம். அவருடைய மனைவி இறந்த அன்றைக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டி, கோயிலுக்குப் போகச் சொன்னவன் நான். அவருடைய வீட்டுக் கதவையும் தட்டினேன்.