தோஹா சிலிகான், பாரிஸ் ஜன்னல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு. மிகச் சின்ன வாக்கியம்தான். இலக்கணம் சுத்தம், உச்சரிப்பு சுத்தம். புதுச்சேரியில் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு குறை — அது பொய். அதைவிடப் பெரிய குறை — என்னைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் சொன்ன பொய்.

அதற்கப்புறம் சில நாட்கள் எதிர்வீட்டுக் கதவைத் தாண்டும்போது ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஐம்பதைத் தாண்டியவன் செய்கிற காரியமா இது? எங்கள் கட்டடத்தின் மரப்படிகள் வேறு, யார் போனாலும் காட்டிக்கொடுத்துவிடும்...

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பாரிசுக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் தோஹாவில் இருந்தேன். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அவர்கள் கொடுத்த வீடு ஊர்க்கோடியில், பாலைவனத்தைப் பார்த்தபடி இருந்தது. பாலைவனமும் எங்களைப் பார்த்தபடிதான் இருந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு பூசியிருப்பார்கள் இல்லையா? அங்கே அது இரண்டு கோடை தாங்கினால் அதிகம். வெயிலில் காய்ந்து, சுருங்கி, சுவரை விட்டு விலகி, கடைசியில் தொட்டால் அப்பளம் மாதிரி ஒடியும். அந்த இடைவெளி போதும், மணல் குடிவந்துவிடும். சோற்றில் மணல், தலையணையில் மணல், பூட்டி வைத்த பீரோவுக்குள்ளும் மணல். ஏசியின் குளிர்ச்சியோ அதே வழியாக வெளியே போய்ப் பாலைவனத்தைக் குளிர்விக்கும்.

கம்பெனியில் சொன்னால் ஆள் வருவதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். ஆகவே நானே கற்றுக்கொண்டேன். பழையதைத் துளி விடாமல் உரித்தெடுக்க வேண்டும். அதன் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது. தூசியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். வெயில் ஏறி ஜன்னல் சட்டம் தோசைக்கல் ஆவதற்கு முன், விடியற்காலையில் வேலையை முடிக்க வேண்டும். அக்ரிலிக் கூடாது, நல்ல சிலிகான்தான். துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தக் கருவியை அழுத்திக்கொண்டே ஒரே சீராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு நீவல். முடிந்தது. ஒரு மணல் உள்ளே வராது.

அக்கம்பக்கத்து மலையாளிகள் எல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பேனாவைத் தவிர எதையும் பிடித்தறியாதவனுக்குக் கைவேலை ஒன்று உருப்படியாக அமைந்துவிட்டால் என்ன ஆகும்? தலைக்கனம் ஆகும்.

அந்தத் துப்பாக்கி பெட்டியில் ஏறிப் பாரிசுக்கும் வந்தது.

“இங்க எந்த மணலு வரப்போவுதுன்னு இத தூக்கியாந்தீங்க?” என்றாள் மனைவி.

“தொழில் தெரிஞ்சவன் ஆயுதத்த விட்டுட்டு வரமாட்டான்.”

“நம்ம வூட்டு ஜன்னல்ல கைய வெச்சீங்க... ஆயுதம் நேரா குப்பத்தொட்டிதான்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆயுதம் பரணில் ஓய்வெடுத்தது — போன நவம்பர் வரைக்கும்.

நவம்பரில் ஒருநாள் எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா படிக்கட்டில் நிறுத்தினார். மன்னார்க்காரர். கணவர் அந்தோனி அண்ணனுக்கு லா கூர்னெவில் ஒரு கிடங்கில் வேலை. ஒரே மகள் ஷர்மிளா, கல்யாணமாகி ஓல்னேயில் இருக்கிறாள். வசந்தத்தில் தலைப்பிரசவம். பிள்ளையைப் பெற்றதும் அம்மா வீட்டுக்குத்தான் வருவாள். அவளுக்கென்று சின்ன அறையை ஒழித்து, கட்டில், தொட்டில் எல்லாம் போட்டுவிட்டார் அக்கா.

“ஆனா தம்பி, அந்த அறையில யன்னலால குளிர் காத்து உள்ளுக்கை வருது. பச்சைப் பிள்ளையைக் கொண்டந்து எப்பிடி அங்கை வளத்துறது?”

என் காது நிமிர்ந்தது. ஜன்னல். இடைவெளி. காற்று.

“அக்கா, அத எங்கிட்ட விடுங்க.”

போய்ப் பார்த்தேன். சட்டத்தைச் சுற்றியிருந்த பழைய பூச்சு உண்மையிலேயே தேய்ந்து, அங்கங்கே பிளந்திருந்தது. அதை உரித்து, துடைத்து, புதிதாகப் பூசினேன். அதோடு இறங்கியிருக்கலாம். அண்ணாந்து பார்த்தேனே... ஜன்னலின் உச்சியில், சட்டத்திலேயே, கையளவு நீளத்துக்கு ஒரு பிளவு! நேராகத் தெருவுக்குப் போகிறது. மேலே ஒப்புக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. விரலை வைத்தால் ஜில்லென்று காற்று.

“பாத்தீங்களா அண்ணே, பிரெஞ்சுக்காரன் வேலைய! ஜன்னல் செஞ்சவன் பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டான். தோஹாவுல இப்படி ஒருத்தன் செஞ்சா மறுநாளே ஊருக்கு டிக்கெட்.”

அந்தோனி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “தம்பி பாலைவனத்தையே பூட்டிப்போட்டு வந்தவர். இந்த ஓட்டை என்ன பெரிசே?” என்றார்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிளவை அடைத்தேன். அந்த அறையில் மட்டுமல்ல... உற்சாகத்தில் கூடத்து ஜன்னலிலும்.

அறை கதகதப்பாகிவிட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. நான்கு நாள் பிட்டும் சம்பலும் எங்கள் வீட்டுக்கு வந்தன.

ஜனவரியில் தொட்டிலுக்கு மேலே, சுவர் மூலையில், கறுப்பாகச் சில புள்ளிகள். அக்கா துடைத்தார். திரும்ப வந்தது. பிப்ரவரியில் அந்தப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து வரைபடம் மாதிரி ஆகிவிட்டன. ஜன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் ஒழுகியது. அறைக்குள் நுழைந்தாலே ஈரத்துணி வாடை.

என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். நிபுணன் அல்லவா?

நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்: “அக்கா, நீங்க தெனமும் பிட்டு அவிக்கிறீங்க, இடியப்பம் அவிக்கிறீங்க. அந்த ஆவியெல்லாம் எங்க போவும்? சுவத்துலதான் உக்காரும்.”

ஆவி எங்கே போகும்! இந்தக் கேள்வியை என் வாயாலேயே கேட்டேன். அது போகிற வழியை அடைத்தவன் யார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எதிரே எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் வீட்டிலும் இட்லி வேகிறது, துணி காய்கிறது. அங்கே என்னைக் கைவைக்க விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் தோன்றவில்லை. நாமெல்லாம் இரண்டு மூன்று ஊர் மாறி வந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் அடிபட்டுக் கற்றதைப் பத்திரமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறோம். இந்த ஊருக்கு அது வேண்டுமா என்று இந்த ஊரைக் கேட்கிறோமா?

அக்கா பிட்டு அவிப்பதை நிறுத்திவிட்டார். துணிகளை வீட்டுக்குள் காயப்போடாமல், மூட்டை கட்டி லாந்தரி என்கிற சலவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிளீச் தண்ணீர் வைத்துச் சுவரைத் துடைத்துத் துடைத்துக் கைத்தோல் உரிந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ர பிழைதான் தம்பி” என்றார். அந்தோனி அண்ணன் பிட்டுக்குப் பதிலாகப் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, “அவளின்ர ஆவி அடங்கிட்டுது, பூஞ்சணம் அடங்கேல்லை” என்று புலம்பினார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பிரசவ நாள் நெருங்கிவிட்டது. வீட்டுக்காரரின் ஏஜென்சிக்குச் சொன்னால் அவர்கள் ஆள்வைத்துச் சுவரைச் சரிசெய்து கொடுப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, ஒரு பெண்மணி பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அக்காவின் பிரெஞ்சு கடைக்கும் மெத்ரோவுக்கும் போதும், ஏஜென்சிக்குப் போதாது. மகளைக் கூப்பிடலாமென்றால், இந்தச் சுவரைப் பார்த்து வயிற்றுப் பிள்ளைக்காரி பயந்துவிடுவாள். ஆகவே மொழிபெயர்க்க நான்!

அந்த மதாம் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. சுவரைப் பார்க்கக்கூட இல்லை. அறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து ஜன்னலின் உச்சியைப் பார்த்தார். என் அழகான, சீரான, ஒரு நெளிவு இல்லாத வெள்ளைக் கோட்டை.

“இது காற்று வருவதற்கு வைத்த வழி. இதை அடைத்தால் ஈரம் எங்கே போகும்? யார் அடைத்தது?”

அடைத்தவன் பக்கத்திலேயே நிற்கிறான். ஆனால் நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா? அக்கா பக்கம் திரும்பி, யாருக்கோ நடந்ததுபோல, “அது காத்து வர்ற வழியாம் அக்கா. அத அடைச்சதாலதான் பூஞ்சணமாம். யாரு அடைச்சதுன்னு கேக்குறாங்க” என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நாங்கள்தான் எண்டு சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். “அவர்களேதான் அடைத்தார்களாம், மதாம்.” தடுமாறாமல், திக்காமல்.

அப்படியானால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பில்லை, சுவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மதாம். அதையும் மொழிபெயர்த்தேன். அக்கா, “ஓம், சரி” என்று சொல்லிவிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

அக்கா போனதும் அந்த மதாம் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “சூடான நாடுகளிலிருந்து வருகிறவர்கள், மிஸ்யூ. குளிர் என்றால் கண்ட ஓட்டையை எல்லாம் அடைத்துவிடுவார்கள். நீங்கள் விவரம் தெரிந்தவர். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.”

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். “நிச்சயமாக, மதாம்” என்றேன்.

அவர் தேத்தண்ணிக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார். தட்டோடு வந்த அக்காவும் நானும் மட்டும்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்னத்தைச் சொல்ல? நல்லது எண்டு நினைச்சுத்தானே செய்தனீங்கள். பிறத்தி ஆளுக்கு முன்னால உங்களைக் காட்டிக்குடுக்கிறதே?”

“நானே சொல்லியிருக்கணும்.”

“ஓம்,” என்றார் அக்கா, கோப்பையை என் கையில் கொடுத்தபடி. “சொல்லியிருக்கலாம்.”

கோப்பையை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். வாசலில் அந்த மதாமைப் பிடித்தேன். மூச்சு வாங்க, “நான்தான் அடைத்தேன், அவர்கள் இல்லை” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வீடு அவர்கள் பெயரில்தானே இருக்கிறது? யார் கை என்பது எங்களுக்கு முக்கியமில்லை” என்று சொல்லிவிட்டு மெத்ரோவைப் பார்த்து நடந்தார்.

பிரயோஜனமில்லாத இடத்தில் உண்மையைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை பிளேடும் வாளியுமாக எதிர்வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஷூ காலிலேயே இருந்தது. நான் பூசிய சிலிகான் இருக்கிறதே... நல்ல சரக்கு! பாலைவனத்து வெயிலையே தாங்குவது. மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டினேன்.

“என்ன தம்பி, ஒட்டேக்கை அரை நாள், கழட்டேக்கை அரை வருசமோ?” ஏணியைப் பிடித்தபடி அந்தோனி அண்ணன். “எங்கட கலியாணமே இவ்வளவு இறுக்கமா ஒட்டேல்லை.”

“நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஏணியைப் பிடியுங்கோ,” என்று குசினியிலிருந்து அக்காவின் குரல்.

பிளவு திறந்தது. ஃபொபூர் சேன்-தெனி தெருவின் ஹார்ன் சத்தமும், கீழே கொத்துரொட்டி தட்டுகிற சத்தமும் சில்லென்ற காற்றோடு சேர்ந்து உள்ளே வந்தன. அதற்கடுத்த வாரங்களில், வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும், நானும் என் மனைவியும் அந்தச் சுவரைக் கழுவி, காயவிட்டு, வெள்ளை அடித்தோம். மனைவி என்னைத் திட்டவே இல்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். குசினியில் பிட்டுப்பானை மறுபடி ஆவி விட்டது.

முந்தாநாள் ஷர்மிளா வந்துவிட்டாள். பெண் குழந்தை. பார்க்கப் போனோம். சுத்தமான வெள்ளைச் சுவர், காய்ந்த மூலை, தொட்டிலில் மூடிய கண்கள். குழந்தை மூச்சுவிடுவதை நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மனைவி இடித்தாள்.

“அறை வடிவாக் கிடக்கே? அங்கிள்தான் பெயிண்ட் அடிச்சவர், ஒவ்வொரு நாளும் வந்து,” என்றார் அக்கா மகளிடம். அவ்வளவுதான். அதற்கு முந்தைய பாதியைச் சொல்லவில்லை.

“மெர்சி பொக்கூ, அங்கிள்!” என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அப்போதாவது வாய் திறந்ததா? இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன் — அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்.