செத்த டயர்களைப் பார்த்து வாங்கிய டயர்

இன்றைக்குக் கோலா கெத்தில் ஊர் டயர் கடையில் எதிர்பாராமல் சந்தித்தது வாசுகி அக்காவை. ஜம்போரியில் ஆரஞ்சு வெஸ்ட் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கடைசியாக வருவாரே, அதே வாசுகி அக்காதான். ஒரு டியூப் வாங்கப் போன வேலை இரண்டு மணி நேரம் இழுத்துவிட்டது. வாங்கி வைத்த தேநீர் ஆறிப்போனது. கேட்ட கதையின் சூடாவது குறைவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஜம்போரி என்றால் தெரியாதவர்களுக்கு: இருநூறு முந்நூறு பேர் ஸ்க்ரேம்ப்ளர் மோட்டார் சைக்கிளில் ஒன்றாகக் கிளம்பி, செம்பனைத் தோட்டம், பால்மரக்காடு, சகதி, குன்று என்று அறுபது கிலோமீட்டர் சுற்றி வருவார்கள். அதில் கடைசியாக வருகிறவர் ஸ்வீப்பர். முன்னால் போனவர்களில் விழுந்தவர், நின்றுபோனவர், வழி தவறியவர் எல்லாரையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். இருநூறு வண்டி உழுது குழப்பிவிட்டுப் போன மண்ணில்தான் அவருடைய சக்கரம் உருளும். பரிசு கிடையாது. படத்திலும் பாதி நேரம் இருக்க மாட்டார்.

அக்காவுக்கு வயது முப்பத்தாறு. சுங்கைப்பட்டாணியில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு, பதினான்கு வருடம். தம்பி திவாகர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன்னுடைய நானூற்றைம்பது சிசி வண்டியை அவரிடம் விட்டுப்போனான். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைக்கா" என்றான். அக்கா ஸ்டார்ட் பண்ணினார். அடுத்த வாரம் தெருமுனை வரை போனார். அதற்கடுத்த வாரம் செம்பனைக்குள் போய்விட்டார்.

அவர் போன முதல் ஜம்போரியில் செயின் அறுந்தது. எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை யாரும் சரிபார்க்கவில்லை. மூன்று மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தபோது, புறப்பட்ட திடலில் கொடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மறுவாரமே ஏற்பாட்டாளர் நடராஜா வீட்டுக்குப் போய், "அண்ணே, இனிமே கடைசியா நான் வர்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. இரண்டு வருடம் ஒழுங்காகச் செய்தார்.

போன வருடம்தான் விஷயம் கெட்டது.

அந்த வருடம் பழைய பின்டயர் தேய்ந்துவிட்டது. புது டயர் வாங்க இதே கோலா கெத்தில் கடைக்கு, புவனேஸ்வரனிடம் போனார். புவன் அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். அப்பா நடத்திய கடையை இப்போது இவர் பார்க்கிறார். வரிசையாகத் தொங்கிய டயர்களை அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டார். துருத்தி நின்ற பற்களை இரண்டு விரலால் வளைத்தார், நகத்தால் அழுத்தினார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். தொழிற்சாலையில் நல்ல ரப்பருக்கு அவர் அறிந்த இலக்கணம் ஒன்றே: மெத்தென்று இருக்க வேண்டும், இழுத்தால் வர வேண்டும். இருந்ததிலேயே மெத்தென்ற டயரைத் தேர்ந்தெடுத்தார்.

"அக்கா, அது ரேஸ் பசங்க எடுக்கிறது. ஒரு ரேஸுக்குத்தான் வரும்" என்றார் புவன்.

"எனக்கு ரப்பரைப் பத்தி சொல்றியா? பதினாலு வருஷமா ரப்பரைத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்லா."

புவன் வாயை மூடிக்கொண்டு டயரை மாட்டிக் கொடுத்தார்.

ஜம்போரியில் முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் வரை அந்த டயர் மண்ணைப் பூனை மாதிரிப் பிடித்தது. அதற்குப் பிறகு சரளைக்கல் குன்று. நானூற்றைம்பது சிசி இழுத்த இழுப்புக்கும் அடியில் இருந்த கல்லுக்கும் நடுவில் மாட்டி, மெத்தென்ற பற்கள் வேரோடு பிய்ந்தன. பாதி மேட்டில் சக்கரம் வெறுமனே சுற்றியது. அவர் கூட்டிவந்த இரண்டு பேரும் அவரும் சேர்ந்து மேட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் தோட்டத்து டிராக்டர் வந்து மூன்று வண்டியையும் ஏற்றி வந்தது. திடலில் யாரோ, "விளக்குமாத்தையே டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்துட்டாங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வீட்டுக்குப் போய் வண்டியைக் கழுவாமல் ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தார்.

இந்த வருட ஜம்போரிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நடராஜா கூப்பிட்டார்.

"வாசுகி, பினாங்கு கிளப்ல ஒரு பையன் ஸ்வீப்பர் பண்றேன்னு கேக்கிறான். நீ ரெஸ்ட் எடேன்மா."

"ரெஸ்ட் எடுக்க எனக்கு என்ன காய்ச்சலா அண்ணே?"

"உன் மேல கோவம் ஒண்ணுமில்ல. ஆனா ஸ்வீப்பரே மாட்டிக்கிட்டா பின்னால வர்றதுக்கு ஆள் இல்ல பாரு."

அது உண்மை. அதனால்தான் வலித்தது. ஆனாலும் அக்கா விடவில்லை. "இந்த ஒரு தடவை குடுங்க. டயர் போச்சுன்னா நானே வெஸ்டைக் கழட்டி அந்தப் பையனுக்குப் போட்டு விடறேன்" என்றார். நடராஜா பெருமூச்சு விட்டு, "சரி, பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் வேலையில், நிராகரித்த கையுறைகள் குவிந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பதினான்கு வருடமாக அவர் பார்ப்பது நல்ல கையுறையை இல்லை. கெட்டுப்போனதைத்தான். எது விரல் இடுக்கில் கிழிந்தது, எது மணிக்கட்டில் ஓட்டை விழுந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் இயந்திரத்தில் எங்கே கோளாறு என்று சொல்வார்கள். டயர் கடையில் மட்டும் ஏன் புதுசையே தடவிக்கொண்டிருந்தோம்?

வேலை முடிந்து நேராகக் கோலா கெத்திலுக்கு வந்தார்.

"புவன், கழட்டிப் போட்ட டயரெல்லாம் எங்க வச்சிருக்க?"

"பின்னால கிடக்கு. ஏங்க்கா? பூச்செடி வைக்கப் போறீங்களா?"

"எது எப்படிச் செத்துச்சுன்னு பார்க்கப் போறேன்."

"ஆத்தாடி. போலீஸ் வேலையா?"

அக்கா ஞாயிறுதோறும் வந்து குவியலைக் கிளறினார். கேலி செய்த புவன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தானே சுண்ணாம்புக் கட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குவியலில் பெரிய வண்டிகளின் பின்டயர் மட்டும் முப்பத்தொன்று தேறின. எந்த வண்டி, எங்கே ஓடியது என்று புவன் ஞாபகத்திலிருந்து சொல்வார், டயர் பக்கவாட்டில் எழுதுவார். எப்படிச் செத்தது என்று அக்கா சொல்வார்.

பாதிக்கு மேல் அவருடைய டயர் மாதிரியே பல் பிடுங்கிச் செத்தவை. சில, வீட்டிலிருந்து காட்டுக்குத் தார் ரோட்டிலேயே ஓட்டிப்போனதில் நடுப்பற்கள் மழுங்கிச் செத்தவை. ஆறு டயர்களில் பக்கச்சுவரில் சின்னச் சின்னப் பொத்தல்கள். அக்கா கையால் தடவியபோது உள்ளே முள் முனை குத்தியது. செம்பனை மட்டை முள். காற்றைக் குறைத்து வைத்து ஓட்டி, கல்லில் இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியவை நான்கு.

ஒன்றே ஒன்றுதான் வேறு மாதிரி இருந்தது. பற்கள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வட்டமாகத் தேய்ந்திருந்தன. ஒன்றுகூடப் பிய்யவில்லை. பக்கச்சுவரில் கீறல் இருந்தது, ஓட்டை இல்லை. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது மட்டும் வயசாகி செத்திருக்கு புவன்."

"அதுவா? மின்கம்பிப் பாதையைப் பார்க்கிற கம்பெனி ஆள் போட்டிருந்தது. தினமும் காட்டுக்குள்ள போவாரு. எட்டு மாசம் ஓட்டினாரு."

"எட்டு மாசமா? இதே போல ஒண்ணு குடு."

"அக்கா, அதோட பல்லு கட்டை, நெருக்கமா வேற இருக்கும். ரப்பர் கல்லு மாதிரி. மழை பேஞ்ச களிமண்ல வழுக்கும். ஜம்போரிக்கு ஒருத்தனும் கேட்க மாட்டான். ஆர்டர் பண்ணித்தான் எடுக்கணும்."

"எடு. ஒரு சைஸ் பெருசா எடு. பெரிய வண்டி."

இங்கே புவன் தலையை ஆட்டிவிட்டார். "போன தடவை நான் வாயை மூடிக்கிட்டேன். இந்தத் தடவை மூட மாட்டேன். உங்க ரிம் சின்னது. பெரிய டயரை அதுல அமுக்கினா ஓரம் மடங்கி, நடு மட்டும்தான் தரையில படும். செயினையும் உரசும். எவ்வளவு பெருசா தெரிஞ்சாலும் புடிப்பு கம்மிதான்."

"சரி பாஸ். அதே சைஸ்."

தடித்த டியூபும் சேர்த்து வந்தது. மற்றவர்கள் வைப்பதைவிடக் காற்றைக் கொஞ்சம் கூட்டினார். ஒவ்வொரு வாரமும் பேனாவால் ஐந்து பற்களில் கோடு போட்டு, ஒரே பாதையில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, எவ்வளவு தேய்ந்தது என்று அளந்தார். தேய்மானம் அளவாகவே இருந்தது. களிமண்ணில் வழுக்கியது. இரண்டு முறை விழுந்தார். எங்கே வழுக்கும், எப்போது ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டும் என்று கையும் காலும் பழகிக்கொண்டன.

ஜம்போரிக்கு முதல் நாள் மழை ஊற்றியது.

காலையில் திடலே சகதி. நடராஜா குனிந்து அக்காவின் பின்டயரைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, மார்க்கெட்டுக்குப் போற டயர் மாதிரி இருக்கு? பாதையெல்லாம் சேறு."

புவன் தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒரு மெத்தென்ற புது டயர். அக்காவுக்காகவே கொண்டுவந்தது. "தப்பா நினைக்காதீங்கக்கா. சொன்னா பத்து நிமிஷத்துல மாத்திடுவேன். இன்னிக்கு இதுதான் மண்ணைப் புடிக்கும்."

அக்கா அதன் பல்லை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். சேற்றில் அந்த டயர் எவ்வளவு சுகமாகப் பிடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் அப்படி ஓட்டியவர் ஆயிற்றே. ஆனால் கடைசியாக வருகிறவருக்கு அவசரம் ஏது? நாலு தரம் வழுக்கினால் நாலு தரம் எழுந்துகொள்ளலாம். பல்லே இல்லாமல் போனால் எழுந்து என்ன செய்வது?

"வேண்டாம் புவன். கதவைச் சாத்து."

இருநூற்றுப் பதினாலு பேர் கிளம்பினார்கள். இருபது நிமிடம் கழித்து அக்கா கிளம்பினார். முதல் பத்துக் கிலோமீட்டரில் மூன்று முறை விழுந்தார். கால்வாயில் இறங்கிய ஒருவரைத் தூக்கிவிட்டார். வழி தவறிய இரண்டு பேரைச் சரியான பாதைக்குத் திருப்பிவிட்டார். போன வருடம் மாட்டிய சரளைக் குன்றில் முதல் கியரில் தடதடவென்று ஏறினார். உச்சியில் இறங்கி டயரைக் கையால் சுற்றித் தடவினார். எல்லாப் பல்லும் இருந்தன.

நாற்பத்தாறாவது கிலோமீட்டரில், செம்பனை நிழலில் ஒரு கனத்த மனிதர் தலைக்கவசத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். மெர்கோங்கிலிருந்து வந்த தேவன். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கிளட்ச் கருகிவிட்டது.

"தங்கச்சி, என்னை விட்டுட்டுப் போயிடு. நான் இங்கயே தோட்ட வேலைக்குச் சேர்ந்துக்கிறேன்."

"இந்த வயித்தை வச்சிக்கிட்டுக் குலை வெட்ட முடியாது அண்ணே. எந்திரிங்க."

"வீட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்மா."

"அப்ப சாமியைக் கும்பிட்டுக்கிட்டே வாங்க. கயிறு கட்டறேன்."

சமதரையில் இழுக்க முடிந்தது. அடுத்து வந்தது கடைசி மேடு, முழுக்கக் களிமண். இருநூறு வண்டி ஏறியதில் நடுவில் முழங்கால் ஆழப் பள்ளம். அக்கா ஏறினார், பாதியில் சக்கரம் சுற்றியது, பின்னால் வழுக்கி வந்தார். மறுபடி ஏறினார், மறுபடி வழுக்கியது. புவனின் வேனில் இருந்த டயர் அக்காவின் கண்முன் வந்து போனது.

பிறகு வரிசையில் அடுக்கிக் கிடந்த செம்பனை மட்டைகளைப் பார்த்தார். காய்ந்த மட்டை, இரு பக்கமும் வாள் மாதிரி முள். ஸ்க்ரேம்ப்ளர் ஓட்டுகிறவர் யாரும் அதன்மேல் வண்டியை விட மாட்டார்கள். குவியலில் ஆறு டயர் செத்தது அதில்தான். ஆனால் தன் டயரின் பக்கச்சுவர் எவ்வளவு தடிப்பு என்று அக்காவுக்குத் தெரியும்.

"அண்ணே, மட்டையை இழுத்துப் போடுங்க. பள்ளத்துல குறுக்கால."

"முள்ளு கிழிச்சிடாதா?"

"என் டயர் தாங்கும். இப்ப என் வண்டி மட்டும் போகட்டும், மேல ஏறினப்புறம் உங்க வண்டியை இழுத்துக்கலாம்."

இருபது மட்டை போட்டார்கள். அக்கா எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, மெதுவாக விட்டார். மட்டைகள் உடைந்து நொறுங்கின. வண்டி ஆடியது, நின்றது, நகர்ந்தது, மேலே போய்விட்டது. அங்கிருந்து நீளக் கயிறு போட்டு, மட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தேவன் பின்னாலிருந்து தள்ள, அவர் வண்டியையும் இழுத்து ஏற்றினார். தேவன் மேலே வந்ததும் படுத்துக்கொண்டார். கண்ணிலிருந்து அவர் துடைத்தது வியர்வையா என்று அக்கா கேட்கவில்லை.

திடலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. யாரும் கொடிகளைக் கழற்றியிருக்கவில்லை. நடராஜா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேவனின் பெயருக்கு நேரே கோடு போட்டார். "இருநூத்திப் பதினாலு" என்றார். பிறகு குனிந்து பின்டயரைச் சுற்றிப் பார்த்தார். மூன்று பற்களின் ஓரம் மட்டும் சிராய்த்திருந்தது. பக்கச்சுவரில் முள் கீறிய வெள்ளைக் கோடுகள். டயரில் காற்று குறையவே இல்லை.

அக்கா வெஸ்டைக் கழற்றி நீட்டினார். நடராஜா வாங்கவில்லை.

"துவைச்சு வை. அடுத்த வருஷம் அழுக்கோட வராதே."

அந்தப் பினாங்குப் பையன் வந்து, "அக்கா, அந்த டயர் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டானாம். அடுத்த ஜம்போரியில் அவனும் அக்காவோடு பின்னால் வரப்போகிறான். ஸ்வீப்பர் இனிமேல் இரண்டு பேர். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது புவன் கடையின் பின்சுவரில் முப்பத்தொரு செத்த டயரும் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, எந்தப் பாதை, எப்படிச் செத்தது என்று எழுதியிருக்கிறது. பெரிய வண்டிக்குப் பின்டயர் வாங்கப் போகிற யாராவது உங்கள் வாட்சப்பில் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் புது டயரைத் தொடாதீர்கள், நேராகப் பின்னால் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். ஞாயிறு காலையில் போனால் அக்காவே இருப்பார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் தேய்ந்த டயர் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.