கறுப்புப் படத்துக்கு நான் சொன்ன பொருள்

என் மனைவியின் தம்பி சாகப்போகிறான் என்று நம்பினேன். ஆதாரம், அவன் வரைந்த ஒரு படம். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அவன் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவன். காது பழுதாகி ஆறு மாதம் கரையில் உட்கார்ந்திருந்தபோது வரையத் தொடங்கினான். மாதா கோயில் மண்டபத்தில் கண்காட்சி. "பக்கத்துல ஒட்ட நாலு வரி எழுதித் தாங்க அத்தான்" என்று படத்தைப் போனில் அனுப்பினான். முழுக்கக் கறுப்பு. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, பாதியில் நின்றிருந்தது.

எனக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ் வேலை. மேசைக்கடியில் இருத்தலியல் படிப்பேன். படித்ததையெல்லாம் அந்தக் கறுப்பில் கொட்டினேன். கறுப்பு என்றால் இன்மை. கோடு என்றால் வாழ்க்கை. கோடு நின்ற இடம் என்றால் தற்கொலை. பதற்றத்துக்கு எதிரே ஒரு பொருளும் இருக்கத் தேவையில்லை என்பார்கள் தத்துவவாதிகள். என் பதற்றத்துக்கு ஸ்கூட்டர் இருந்தது. அவன் இருக்கும் திரேஸ்புரத்துக்குப் பறந்தேன்.

அவன் வீட்டில் இல்லை. மாமியாரிடம், "அது சாவுப் படம் அத்தை. அவன தனியா விடாதீங்க" என்றேன். பிறகு கண்ணில் பட்ட கயிறுகளையெல்லாம் ஒளிக்கத் தொடங்கினேன். மீனவர் தெருவில் கயிற்றை ஒளிக்கப் புறப்பட்ட முட்டாள் நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் நங்கூரக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, "என்னவே, வெயிலு மண்டையில ஏறிட்டோ?" என்றார்.

கடற்கரையில் அவனைப் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு முகம் சிவந்தது.

"அது சங்கு ஊர்ந்த தடம் அத்தான். கடலுக்கடியில கலங்கல்ல ஒண்ணும் தெரியாது. திடீர்னு தடம் மட்டும் தெரியும். அது நிக்கிற இடத்துல சங்கு கெடக்கும். அந்தச் சந்தோசத்த வரைஞ்சேன். சாவுன்னு யாரு சொன்னா?"

"படம் சொல்லிச்சு மாப்ள."

"படத்துக்கு வாயா இருக்கு? எனக்கு இருக்குல்லா? ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

வாழ்வின் பொருளை அவனவன்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருபது வருஷமாக டீக்கடையில் முழங்குகிறவன் நான். அவன் படத்தின் பொருளையும் அவன் சாவையும் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதையும் வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனே, அந்தப் புத்திக்கு இன்னும் ரெண்டு.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். படம் மட்டும் தொங்கட்டும்" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். நான் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோன அவன் அம்மா, கடலுக்குப் போகும் வள்ளத்துக்கு வாங்கிவைத்திருந்த நீலப் பெயின்டைப் படம் முழுக்க அடித்திருந்தார்.